குழந்தைகளுடன் காமிக் கானுக்கு: ரசிகர் அல்லாத பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

கோயில் திருவிழா, பொருட்காட்சி, வண்டலூர் உயிரியல் பூங்கா என்று நாம் குழந்தைகளை அழைத்துச் செல்லும் இடங்களில் எல்லாம் வழியும் நமக்குத் தெரியும், கதையும் நமக்குத் தெரியும். குழந்தை கேட்கும், நாம் சொல்வோம். சித்திரக்கதை ரசிகர்கள் கூடும் காமிக் கான் அப்படிப்பட்ட இடம் அன்று. எதிரில் வருபவர் யார், அவர் தோளில் கிடக்கும் வாள் எந்தக் கதையைச் சேர்ந்தது, அவரைக் கண்டதும் அங்குள்ள பிள்ளைகள் ஏன் கூவுகிறார்கள் என்பதெல்லாம் பத்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கும், நமக்குத் தெரியாது. அந்த ஒரு நாளைக்கு வழிகாட்டும் பொறுப்பைக் குழந்தையிடம் முழு மனத்துடன் கொடுத்துவிட்டு, அதற்குத் துணையாகத் தண்ணீர், பணம், பாதுகாப்பு, நேரம் ஆகியவற்றை நாம் பார்த்துக்கொள்வதே பெற்றோரின் வேலை. பதினொரு வயது மகளையும் ஏழு வயது மகனையும் அழைத்துச் சென்று வந்த ஒரு தாயாக, சென்னை நிகழ்ச்சியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு ஊரில் நடப்பதற்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரசிகர்கள் ஓரிடத்தில் கூடுவது புதிய வழக்கம் அன்று. 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கே இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்களைப் போல் உடை தைத்து அணிந்து வந்தார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1970இல் சித்திரக்கதை ரசிகர்களுக்கான மாநாடு தொடங்கியது. டோக்கியோவில் ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை விற்கும் சந்தை 1975இல் தொடங்கியது. இந்தியாவில் 2011இல் தில்லியில் முதல் காமிக் கான் நடந்தது. பெங்களூரு, ஹைதராபாத் என்று பரவி, 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் சென்னை வர்த்தக மையத்துக்கு அது வந்து சேர்ந்தது.

உள்ளே என்ன இருக்கும் என்பதை ஒரு பெரிய புத்தகக் கண்காட்சி அரங்கை வைத்துக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு பக்கம் பதிப்பகங்களின் கடைகள். ஒரு பக்கம் பொம்மை, டி-சட்டை, சாவிக்கொத்து, பேட்ஜ் விற்கும் கடைகள். ஒரு பக்கம் ஓவியர்கள் சிறு மேசை போட்டுத் தங்கள் படங்களைத் தாங்களே விற்கும் வரிசை. ஒரு பக்கம் வீடியோ கேம் விளையாடும் இடம். ஒரு கோடியில் பெரிய மேடை. இவற்றுக்கு நடுவே, விருப்பமான கதாபாத்திரம் போல் உடை அணிந்து நடமாடும் நூற்றுக்கணக்கானோர். இதற்குப் பெயர்தான் காஸ்பிளே. ஆடை என்பதற்கும் நாடகம் என்பதற்குமான ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டி 1980களில் ஜப்பானியர் உண்டாக்கிய சொல் இது. அப்படி உடை அணிந்து வருபவர்களில் பெரும்பாலோர் நிகழ்ச்சி நடத்துவோர் சம்பளம் கொடுத்து நிறுத்தியவர்கள் அல்லர்; நம்மைப் போல் நுழைவுச் சீட்டு வாங்கி வந்தவர்களே என்பதை மனத்தில் வையுங்கள். பெற்றோர் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒன்று தெரியாததால்தான் வருகின்றன.

ஒரு மாதத்துக்கு முன்பே குழந்தையிடம் பாடம் கேளுங்கள்

தேதி அறிவித்ததும் முதல் வேலையாகக் குழந்தையை உட்காரவைத்து, "நீ அங்கே யாரையெல்லாம் பார்க்க ஆசைப்படுகிறாய்? அவர்களைப் பற்றி எனக்குச் சொல்" என்று கேளுங்கள். சோதிப்பதற்காகக் கேட்காமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்க வேண்டும். குழந்தைகள் இந்த வேறுபாட்டை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நான்கைந்து கதாபாத்திரங்களை உடையை வைத்து அடையாளம் காணத் தெரிந்தால் போதும்: நெற்றியில் உலோகத் தகடு வைத்த பட்டை கட்டியிருந்தால் நருட்டோ என்ற ஜப்பானியக் கதையைச் சேர்ந்தவர், சிவப்புச் சட்டையும் வைக்கோல் தொப்பியும் இருந்தால் ஒன் பீஸ் கதையின் நாயகன் லூஃபி, இப்படி.

என் மகள் மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தபோது நான் வழக்கம்போல் இடது பக்க அட்டையைத் திறந்தேன். அங்கே கதையின் கடைசிப் பக்கம் இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பி வைத்து, வலது ஓரத்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்கேயிருந்து இப்படி வரணும் அம்மா" என்று இடது பக்கமாக இழுத்துக் காட்டினாள். மங்காக்கள் மொழிபெயர்ப்பிலும் பெரும்பாலும் வலமிருந்து இடமாகவே படிக்கப்படுகின்றன. நான் ஐந்து பக்கம் தட்டுத் தடுமாறிப் படித்து முடிக்கும்வரை அவள் பொறுமையாக என் அருகே அமர்ந்திருந்தாள். அவளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த நாட்களில் நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

உங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லலாம். சிவகாசியிலிருந்து 1972இல் வரத் தொடங்கிய முத்து காமிக்ஸையும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் வாடகை நூலகத்தில் வரிசையில் நின்று எடுத்துப் படித்த தலைமுறை நம்முடையது, அல்லது நம் பெற்றோருடையது. அவற்றின் நாயகர்களில் ஒருவரான இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் மறைந்துபோவார், கை மட்டும் தெரியும் என்று சொன்னபோது என் மகனின் கண்கள் விரிந்தன. சித்திரக்கதை நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று என்பது அப்போது இருவருக்கும் புரியும்.

நுழைவுச் சீட்டு

அதிகாரபூர்வ இணையதளத்திலோ அவர்கள் குறிப்பிடும் முன்பதிவுத் தளத்திலோ மட்டும் வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறி வரும் சீட்டுகளை நம்ப வேண்டாம். எந்த வயது வரை குழந்தைக்குச் சீட்டு தேவையில்லை, ஒருமுறை வெளியே போனால் மீண்டும் உள்ளே விடுவார்களா, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்ற மூன்று விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை என்பதால், அந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல்முறை செல்வோருக்கு ஒரு நாள் போதும். இரண்டு நாளும் போவது ஏழெட்டு வயதுக் குழந்தையின் உடலுக்குத் தாங்காது.

வேடம்: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

வேடம் கட்டாயம் இல்லை. டி-சட்டையுடன் வருபவர்களே எண்ணிக்கையில் அதிகம். ஆனால் குழந்தை ஆசைப்பட்டால் மறுக்காதீர்கள், கடையில் ஆயத்த உடையாக வாங்கிக் கொடுத்தும் முடித்துவிடாதீர்கள். வீட்டில் செய்யும் மூன்று வாரங்கள்தான் இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் உறுதியான கருத்து.

துணிக்குக் கோடவுன் தெருவும், கெட்டி அட்டைக்கும் வண்ணத் தாளுக்கும் ஆண்டர்சன் தெருவும் இருக்கும்போது சென்னையில் இருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. கவசம், வாள் போன்றவற்றுக்கு ஈ.வி.ஏ. ஃபோம் எனப்படும், ரப்பரைப் போல் வளையும் தாள்தான் ஏற்றது. எழுதுபொருள் கடைகளில் கைவினைத் தாளாகவும், குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கும் புதிர்ப் பாயாகவும் கிடைக்கும் பொருள்தான் அது. வெப்பம் பட்டால் இளகி, ஆறியதும் அதே வளைவில் நிற்கும். வெட்டுவதையும் சூடாக்குவதையும் பெரியவர்களே செய்ய வேண்டும். காற்றோட்டம் உள்ள இடத்தில், முடிந்தால் மொட்டை மாடியில் செய்யுங்கள். பசையை உருக்கி ஒட்டும் பசைத் துப்பாக்கியின் முனையைத் தொட்டால் கொப்புளம் வரும். அளவெடுப்பது, வரைவது, வண்ணம் பூசுவது எல்லாம் குழந்தையின் வேலையாக இருக்கட்டும். கோடு கோணலாக இருந்தால் திருத்தாதீர்கள்.

ஆயுதங்களில் உலோகம், உடைந்தால் குத்தும் கெட்டி பிளாஸ்டிக், கூர்முனை எதுவும் கூடாது. நுழைவாயிலில் பரிசோதிப்பார்கள், விதிக்கு ஒவ்வாததை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னால் குழந்தையின் நாளே கெட்டுவிடும். நீளமான வாள் கூட்டத்தில் மற்றவர் கண்ணில் படும் என்பதால் குழந்தையின் கை நீளத்துக்கு மேல் வேண்டாம்.

பொய்முடி பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனது. சென்னைப் பிப்ரவரியின் நண்பகலில் அரை மணி நேரத்தில் தலை வியர்த்து அரிக்கத் தொடங்கும். உள்ளே மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிவிடுங்கள், கழற்றி வைக்க ஒரு பையும் கொண்டுபோங்கள். முகப் பூச்சு பூசுவதாக இருந்தால் அதற்கு முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். வண்ணக் காண்டாக்ட் லென்ஸ் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, உடையை முழுவதும் அணிவித்து வீட்டில் ஓர் ஒத்திகை பாருங்கள். உட்கார முடிகிறதா, படி ஏற முடிகிறதா, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிப்பறைக்குப் போகும்போது யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றி மாட்ட முடிகிறதா? என் மகனின் கவசத்தை முதுகில் ஐந்து முடிச்சுப் போட்டு நான் கட்டியிருந்தேன். ஒத்திகையின்போது அவன் குளியலறை வாசலில் ஒற்றைக் காலில் குதித்தபடி "சீக்கிரம்மா, சீக்கிரம்மா" என்று அழும் நிலைக்கு வந்துவிட்டான். அன்று இரவே முடிச்சுகளை எல்லாம் வெட்டிவிட்டு வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டை தைத்தேன்.

பணம்

அங்கே பார்க்கும் எல்லாமே வாங்கத் தோன்றும். ஆகவே கிளம்புவதற்கு முன்பே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தொகையை உறையில் போட்டு, "இது உன்னுடையது, என்ன வாங்கினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், ஆனால் தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லை நாமும் காப்பாற்ற வேண்டும். கூட்டம் மிகுந்த அரங்கில் கைப்பேசி இணைப்பு திணறும்போது ஜிபே வேலை செய்யாது. ரொக்கம் வைத்திருப்பது நல்லது.

உள்ளே போனதும் முதல் சுற்றில் எதையும் வாங்கக் கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும் என்று விதி வையுங்கள். ஒரே சாவிக்கொத்து நான்கு கடைகளில் நான்கு விலையில் இருக்கும். சிலை பொம்மைகளில் அசலும் நகலும் கலந்தே சந்தைக்கு வருகின்றன. பெட்டியில் அச்சு மங்கலாக இருந்தாலோ, உரிமம் பெற்ற நிறுவனத்தின் முத்திரை இல்லாவிட்டாலோ, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ நகலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வெளியில் வேறொரு கடையில் நாங்கள் வாங்கிய சிலை ஒன்றின் கை வீட்டுக்கு வருவதற்குள் கழன்றுவிட்டது.

போகும் நாள்

வர்த்தக மையம் மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கிறது. மெட்ரோவில் ஆலந்தூரில் இறங்கி ஆட்டோ பிடிப்பது, காரில் போய் நிறுத்த இடம் தேடுவதைவிட எளிது. மெட்ரோப் பெட்டியிலேயே வேறு சில வேடதாரிகளைப் பார்ப்பீர்கள். குழந்தைகளுக்கு விழா அங்கேயே தொடங்கிவிடும். கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் நடக்க இடம் இருக்கும். பிற்பகலில் தோளோடு தோள் உரசும்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிடவையுங்கள். நான் வழக்கமாகத் தருவது தயிர் சாதம். வெயிலுக்கும் ஏற்றது, நெடுநேரம் பசிக்காது. மருந்து தேவைப்படும் குழந்தையானால் மருந்துச் சீட்டையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஊக்கு, ஒட்டு நாடா, சிறிய கத்தரிக்கோலுக்குப் பதில் நகவெட்டி, ஒரு மாற்று டி-சட்டை, பழகிய செருப்பு ஆகியவை ஒரு பையில் இருக்கட்டும். வேடத்துக்கான காலணியை நான்கு மணி நேரம் போட்டு நடக்க எந்தக் குழந்தையாலும் முடியாது.

தொலைந்துபோகாமல் இருக்க

இந்தப் பகுதியை மட்டும் வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வழக்கமான கூட்டத்தில் குழந்தையை உடையை வைத்துத் தேடுவோம். இங்கே அது பயன்படாது. சிவப்பும் நீலமும் அணிந்த ஸ்பைடர்மேன் குழந்தைகள் ஒரே நேரத்தில் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேருக்கும் முகமூடி இருக்கும். உங்கள் மகனின் தோளைத் தொட்டு அழைத்தால் வேறொருவருடைய மகன் திரும்பிப் பார்ப்பான். ஆகவே வேடத்தில் இல்லாத ஒரு நிறத்தை, உதாரணமாகப் பளிச்சென்ற மஞ்சள் நாடா ஒன்றை, முதுகிலும் மணிக்கட்டிலும் கட்டிவிடுங்கள். கிளம்பும்போது முழு வேடத்தில் முகமூடியுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதி, அதன் மேல் ஒட்டு நாடாவை ஒட்டிவிட்டால் வியர்வையில் அழியாது. பெயரை உடையின் வெளியே தெரியும்படி எழுதாதீர்கள். பெயர் சொல்லி அழைப்பவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும்.

உள்ளே நுழைந்ததும், கடைகளைப் பார்ப்பதற்கு முன்பே, உதவி மேசை எங்கே இருக்கிறது, தன்னார்வலர்களின் அடையாள அட்டை எப்படி இருக்கிறது என்பதைக் குழந்தைக்கு நேரில் காட்டுங்கள். தொலைந்தால் நம்மைத் தேடி ஓடாமல், நின்ற இடத்திலேயே நின்று அடையாள அட்டை அணிந்தவரிடமோ, குழந்தையோடு வந்திருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்லப் பழக்குங்கள். தனக்குப் பிடித்த கதாபாத்திரம் என்பதற்காக முகமூடி அணிந்த ஒருவரை நம்பி அவருடன் நடந்து போகக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். சிறு குழந்தைகளுக்கு வேடம் வேறு, உள்ளே இருக்கும் ஆள் வேறு என்பது எளிதில் புரியாது.

மேடைக்கு அருகே ஒலி மிகவும் அதிகம். சத்தத்தாலும் நெரிசலாலும் பதறும் குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ளவர்களுக்கு, காதை மூடும் கருவி எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை அரங்கின் ஓரத்திலோ வெளியிலோ பத்து நிமிடம் உட்காரவையுங்கள்.

உள்ளே நடந்துகொள்ளும் முறை

வேடம் அணிந்தவரைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். "அண்ணா, உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று குழந்தையே கேட்பது இன்னும் நன்று. பெரும்பாலும் மகிழ்ச்சியோடு நின்று, அந்தப் பாத்திரத்துக்கே உரிய தோரணையையும் காட்டுவார்கள். சாப்பிடும்போதோ, உடையைச் சரிசெய்யும்போதோ கேட்க வேண்டாம். இறக்கை, கவசம், முடி எதையும் தொடக் கூடாது. மாதக்கணக்கில் செய்தது ஒரு பிடியில் உடைந்துவிடும். வேடம் அணிந்திருப்பதே சம்மதம் ஆகாது என்ற வாசகத்தை நியூயார்க் காமிக் கான் 2014இல் பெரிய பலகைகளில் எழுதி வைத்தது. இன்று அது ரசிகர் உலகம் எங்கும் ஏற்கப்பட்ட நெறி. இதே நெறி உங்கள் குழந்தைக்கும் பொருந்தும். யாராவது படம் எடுக்கக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை தயங்கினால் நீங்கள் முன்வந்து மறுத்துவிடுங்கள்.

பெரியவர்களைப் பார்த்து, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று வாய்தவறியும் கேட்காதீர்கள். வங்கியில் வேலை பார்ப்பவரும் மருத்துவம் படிப்பவரும் அந்த உடைக்குள் இருக்கலாம். நம் குழந்தையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஓவியர் வரிசையில் நில்லுங்கள்

நேரம் குறைவாக இருந்தால் பொம்மைக் கடைகளை விட்டுவிடுங்கள், ஓவியர் வரிசையை விடாதீர்கள். வரைந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒட்டுப்படமோ அஞ்சலட்டை அளவுப் படமோ குழந்தையின் உறைப் பணத்துக்குள் அடங்கும். "எதை வைத்து வரைவீர்கள், எவ்வளவு நாள் ஆனது?" என்று குழந்தையைக் கேட்கவையுங்கள். என் மகள் வெட்கப்பட்டு என் பின்னால் நின்றாள்; பிறகு மெல்ல முன்னால் போய்த் தன் பையிலிருந்த, படம் வரையும் நோட்டை எடுத்து நீட்டினாள். அந்த ஓவியர் கூட்டத்தையும் மறந்து மூன்று பக்கங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, பென்சிலால் ஒரு கையின் விரல்களை மட்டும் ஓரத்தில் வரைந்து காட்டி, "விரலைத் தனித்தனியா போடாதம்மா, முதல்ல கையுறை மாதிரி ஒரே வடிவமா போடு, அப்புறம் பிரி" என்றார். வாங்கிய படங்கள் கசங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டைக் கோப்பு எடுத்துச் செல்லுங்கள்.

வயதுக்கு ஏற்றதா என்று பார்ப்பது

சித்திரக்கதை என்றாலே குழந்தைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் வரும் மங்காக்கள் பலவற்றின் பின்னட்டையில் வயதுக் குறி இருக்கும்: ‘டி’ என்றால் பதின்ம வயதினருக்கு, ‘டி பிளஸ்’ என்றால் அவர்களில் மூத்தவர்களுக்கு, ‘எம்’ என்றால் பெரியவர்களுக்கு மட்டும். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். மேடையில் நடக்கும் நகைச்சுவை நிகழ்ச்சிகளிலும் பெரியவர்களுக்கான பேச்சு வரலாம் என்பதால் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே படித்து, வேடப் போட்டி போன்றவற்றுக்கு மட்டும் மேடைப் பக்கம் போகலாம். வேடப் போட்டியைக் கட்டாயம் பாருங்கள். அதில் நுழையக் குழந்தை விரும்பினால் பதிவு விதிகளையும் வயது வரம்பையும் இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதும் அதற்குப் பிறகும்

குழந்தை அழத் தொடங்கிய பிறகு கிளம்புவது தாமதம். கேள்விகள் குறைந்து, பதில் ஒற்றைச் சொல்லாக வரும்போதே கிளம்பிவிடுங்கள். எங்களுக்கு அது பிற்பகல் மூன்று மணி. வீட்டுக்கு வந்ததும் முகப் பூச்சை முதலில் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள், தோல் எரியாது. பொய்முடியைக் கீழ்நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்து, குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரியும் வெந்நீரும் அதற்கு ஆகாது. ஃபோம் கவசத்தைக் கனமான எதற்கும் அடியில் வைக்காமல் அலமாரியின் மேல் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்போது இரண்டு கவசங்கள் இருக்கின்றன. என் அளவுக்கு மூன்றாவது ஒன்றை என் மகள் செய்தித்தாளில் வெட்டி வைத்திருக்கிறாள்.